அத்தை, உம் கொட்டுங்க

போன வாரம் எங்கள் மூவரையும் மலையடிவாரத்து விடுதியில், ஒரே போர்வையை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு படுத்திருந்த கோலத்தில் விட்டுவிட்டுப் போனீர்கள். போர்வையில் வென்றவள் என் மனைவி. தும்மலில் வென்றவன் நான். நடுவில் படுத்துக் குறட்டை விட்டு எங்கள் இருவரையும் வென்றவர் அத்தை, அதாவது என் மாமியார்.

நடுவழியில் ஏறிக்கொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை. மலைக்கு அந்தப் பக்கம் சுரங்கப்பாதை தோண்டும் இடத்தில் எங்கள் ஒரே மகள் என்ஜினியர். அங்கேயே வேலை பார்க்கும் ஒருவனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள். மாப்பிள்ளை பார்க்கத்தான் இந்தப் பயணம். விஷயம் அவள் அம்மாவுக்குத் தெரிவதற்கு ரொம்ப நாள் முன்பே எனக்குத் தெரியும் என்பதை, கிளம்பிய அன்றைக்கே நானே உளறித் தொலைத்தேன். அதிலிருந்து என் மனைவி என்னோடு பேசுவதில்லை.

பேசுவதில்லை என்றால் தகவல் போக்குவரத்து நின்றுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அத்தை தன் காலமெல்லாம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். பின்சீட்டில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, பழைய வேலையைச் சம்பளமில்லாமல் மறுபடி ஏற்றுக்கொண்டார்.

“அம்மா, அவருக்குக் குளிருதான்னு கேளு.”

“மாப்ளே, குளிருதான்னு கேக்கறா.”

“இல்லைன்னு சொல்லுங்க அத்தை.”

“இல்லையாம்டி.”

“அப்போ எதுக்குப் பல்லு தந்தியடிக்குதுன்னு கேளு.”

காரை ஓட்டுபவள் என் மனைவி. டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கிறவள். எங்கள் ஊரில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கி லைசென்ஸ் வாங்கியவர்கள். திட்டு மட்டும் வாங்கியவன் நான் ஒருவன்தான். நான் லிஃப்ட் மெக்கானிக். கயிறே அறுந்தாலும் கூண்டைக் கவ்விப் பிடிக்க ஒரு பிரேக் உண்டு என்ற தைரியத்தில், எந்த உயரத்திலும் தொங்கிக்கொண்டு பாட்டுப் பாடுவேன். மலைச்சாலைக்கு அப்படி ஒன்றை யாரும் பொருத்தியிருக்கவில்லை. என் பக்கத்து ஜன்னலுக்குக் கீழே பள்ளம், அதற்குக் கீழே மேகம், மேகத்துக்குக் கீழே என்ன என்று நான் விசாரிக்கவில்லை.

காலையில் கிளம்பும்போது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மனைவி வெளியே டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதைத்த உதையில் அது டயரா நானா என்று எனக்கே சந்தேகம். அத்தைக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரையை அவர் கையிலேயே விட்டால் போட்டுக்கொள்ள மாட்டார். யாராவது எடுத்துக் கையில் கொடுத்து, முழுங்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். தினமும் அது என் மனைவியின் வேலை. இன்றைக்குக் கோபத்தில் மறந்திருப்பாள் என்று நான் எடுத்துக் கொடுத்தேன்.

அத்தை கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் முழுங்கினார். அதை நான் பாசம் என்று எடுத்துக்கொண்டேன்.

வளைவுகளில் குமட்டும் என்று காலைச் சாப்பாட்டில் ஒரு வாய் ரொட்டியோடு நிறுத்திக்கொண்டார்.

மரங்கள் குட்டையாகி, புதராகி, பிறகு வெறும் கல்லாகிப்போன உயரத்தில்தான் எக்ஸ்சேஞ்சில் முதல் கோளாறு வந்தது.

“அம்மா, தண்ணி பாட்டில் அவர் காலடியில இருக்கான்னு கேளு.”

பதில் இல்லை.

“அம்மா?”

“நம்பர் சொல்லுங்க,” என்றார் அத்தை.

நான் சிரித்தேன். எனக்குச் சிரிப்பு எப்போதும் நேரம் கெட்ட நேரத்தில்தான் வரும். அத்தையும் நகைச்சுவையில் இறங்கிவிட்டார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் நெற்றியிலிருந்து வியர்வை வழிந்துகொண்டிருந்தது. வெளியே பாறை இடுக்குகளில் பனி வெள்ளையாகக் கிடக்கிறது. உள்ளே சால்வையின் கழுத்துப்பக்கம் நனைந்திருக்கிறது. அவர் விரல்கள், எக்ஸ்சேஞ்ச் பலகையில் ஒயர் மாற்றுவதுபோல், மடியில் எதையோ பிடுங்கிப் பிடுங்கி வேறெங்கோ சொருகிக்கொண்டிருந்தன.

“லைன் பிஸி. காத்திருங்க,” என்றார். கண்கள் என்னைப் பார்த்தன. ஆனால் நான் அதில் இல்லை.

சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

“வண்டியை நிறுத்து,” என்றேன், நேராக, அவளிடம்.

அவள் கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தாள். கார் ஓரம் கட்டியதே தெரியவில்லை, நின்றிருந்தது.

“என்னங்க ஆச்சு? அம்மாவுக்கு என்னங்க?”

அவள் என்னிடம் பேசிவிட்டாள். அதற்காக நான் எத்தனையோ திட்டம் போட்டு வைத்திருந்தேன். இப்படி வேண்டாம் என்றுதான் தோன்றியது.

அடுத்த வளைவில் தகரம் வேய்ந்த ஒரு டீக்கடை இருந்தது. கடைக்காரம்மா எங்களை எதுவும் கேட்கவில்லை. காரில் தலை சாய்ந்திருந்த அத்தையை எட்டிப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு டம்ளர் சூடான டீயில் சர்க்கரையைக் கரண்டி கரண்டியாக அள்ளிப் போட்டுக் கலக்கினாள்.

“ஐயோ, சர்க்கரை போடாதீங்க!” என்று நானும் மனைவியும் ஒரே குரலில் கத்தினோம். “அவங்களுக்குச் சர்க்கரை இருக்கு!”

கிளம்பிய நாளிலிருந்து நாங்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

கடைக்காரம்மா அந்த டீயைக் கீழே கொட்டிவிட்டு வேறு போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை இல்லாத அந்தக் கறுப்புத் தண்ணீரை என் மனைவி ஊதி ஊதி, பொறுமையாக, பாசமாக, அம்மாவுக்குப் புகட்டினாள். நான் சால்வையை இழுத்துப் போர்த்திவிட்டேன். எங்களைப் போல் அக்கறையுள்ள பிள்ளைகளை அந்த மலை பார்த்திருக்காது.

“உயரம் ஒத்துக்கலை,” என்றாள் கடைக்காரம்மா. “சிலருக்கு இப்படி வரும். கீழ இறங்கினா சரியாகும்.”

“ஆஸ்பத்திரி?”

“கீழ போனா, நீங்க கிளம்பின ஊர்தான். மேல போனா கணவாய்க்கிட்ட ரோடு போடறவங்க முகாம் இருக்கு. அங்க ஒரு நர்ஸ் இருக்கும். அது பக்கம்.”

உயரம் ஒத்துக்கொள்ளாதவரை இன்னும் உயரத்துக்குக் கொண்டுபோவதா, இறங்கும்போதே ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது?  செல்போனில் சிக்னல் இல்லை. அதைக் கூரைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினேன். பார்த்தவர்களுக்கு நான் ஏதோ வேண்டுதலுக்கு ஆடுவதாகத் தோன்றியிருக்கும்.

“நீங்க சொல்லுங்க,” என்றாள் மனைவி. “மேலயா, கீழயா?”

வீட்டில் என்ன சமைப்பது என்று என்னைக் கேட்டால் மறுநாள் பதில் சொல்கிறவன் நான். “மேல,” என்றேன். 

அவள் ஓட்டிய ஓட்டத்தை அவள் மாணவர்கள் யாராவது பார்த்திருந்தால் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். நான் பின்சீட்டுக்கு மாறி, அத்தையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். வழியில் அவர் பேச்சும் நின்றது. அதற்குமுன் கடைசியாகச் சொன்னது, “பேசி முடிச்சாச்சா?” என்று. எக்ஸ்சேஞ்சில் எத்தனையோ பேரிடம் கேட்ட கேள்வி. என்னிடம் கேட்டபோது அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

முகாம் என்பது நாலைந்து தகரக் கொட்டகை, ஓடாத ஒரு ரோடு ரோலர். ரோலரின் மேல் நர்ஸ் போர்வைகளைக் காயப்போட்டிருந்தாள். நாங்கள் அத்தையைத் தூக்கிக்கொண்டு வந்ததைப் பார்த்ததும் கிளிப்பை வாயில் கடித்தபடியே கதவைத் திறந்தாள்.

உள்ளே இரண்டு கட்டில். ஒன்றில் ஒரு தொழிலாளி காய்ச்சலில் முனகிக்கொண்டிருந்தான். மற்றதில் அத்தையைப் போட்டோம். நர்ஸ் விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை மீட்டரில் வைத்தாள். எண் வந்ததும் எங்களுக்குத் தெரியாமல் உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

எண்ணை மறைக்கிற நர்ஸைவிடப் பயங்கரமான காட்சியை நான் பார்த்ததில்லை.

“உயரம்தானே?” என்றேன். “ஒத்துக்கலைன்னு...”

“உயரமும் இல்லை, ஒண்ணும் இல்லை. உடம்புல சர்க்கரையே இல்லை.” அலமாரியைத் திறந்து ஊசியை எடுத்தாள். “காலையில சர்க்கரை மாத்திரை போட்டாங்களா?”

“போட்டாங்க.”

“யார் குடுத்தது?”

“நான்,” என்றேன் நான்.

“நான்,” என்றாள் என் மனைவி.

காய்ச்சல்காரன்கூட முனகுவதை நிறுத்திவிட்டான்.

“நீங்களா?” என்றாள் அவள். “நீங்க எப்பக் குடுத்தீங்க?”

“நீ டயர் பார்க்கப் போனப்ப. நீ மறந்துட்டியோன்னு நினைச்சு...”

“எங்கம்மாவுக்கு மாத்திரை குடுக்க நான் மறப்பேனா? குடுத்துட்டுத்தானே போனேன்! என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கறதுக்கு என்ன?”

“நீதான் பேசலையே.”

“நான் பேசலைன்னா? நீங்க பேசக்கூடாதா? வாய் இல்லையா உங்களுக்கு?”

“சண்டையை வெளிய போட்டுக்கோங்க,” என்றாள் நர்ஸ், நரம்பைத் தேடிக்கொண்டே. “சாப்பிட்டாங்களா?”

ஒரு வாய் ரொட்டி என்று சொல்ல வேண்டியிருந்தது. டீக்கடையில் சர்க்கரையைத் தடுத்த கதையையும் சொன்னோம், குற்றவாளிகள் போல, ஆளுக்குப் பாதி. நர்ஸ் நிமிர்ந்தாள். எங்களை ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான். நான் செருப்பைப் பார்த்தேன். அதில் ஒன்று என்னுடையது, மற்றது மனைவியுடையது. காரிலிருந்து இறங்கிய அவசரத்தில் எப்போது மாற்றிப் போட்டேனோ தெரியாது.

குளுக்கோஸ் ஊசி உள்ளே போனது. நாங்கள் இருவரும் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று அத்தையின் இமைகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர்கள் கதவை இப்படித்தான் பார்ப்பார்கள். வெளியே நின்று “ஒண்ணும் ஆகாது, பதறாதீங்க” என்று சொல்கிறவன் நான். அந்த வாக்கியம் உள்ளே எவ்வளவு உபயோகமற்றது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

இமை அசைந்தது. திறந்தது.

“ஏன்டி அழற?” என்றார் அத்தை. “அவர் எதுக்கு உன் செருப்பைப் போட்டுக்கிட்டு நிக்கறார்?”

என் மனைவி குனிந்து அம்மாவின் கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டாள். அழுகைக்கு நடுவே திட்டும் வந்தது.

“நான் ஒரு மாத்திரை குடுத்தேன்ல? அப்புறம் அவர் குடுத்தா, போட்டாச்சுன்னு சொல்லக்கூடாதா? பச்சைக் குழந்தையா நீ?”

அத்தை கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“சொன்னா அவர் உன்கிட்டக் கேக்கச் சொல்வார். உன்கிட்டக் கேட்டா, ‘எங்கம்மாவை நான் பார்த்துக்க மாட்டேனா, அவருக்கு என்ன புதுசா அக்கறை’ம்ப. அதைப் போய் அவர்கிட்டச் சொல்லணும். அவர் ஒண்ணு சொல்வார். அதைக் கொண்டாந்து உன்கிட்டச் சொல்லணும். காலங்கார்த்தால எனக்குத் தொண்டையில தெம்பு இல்லைடி. மாத்திரைன்னா ஒரே முழுங்கு.”

 எனக்குக் கண் கலங்கியது. தூசி என்று சொல்லலாம் என்று பார்த்தால், அந்த அறையில் தூசி இல்லை.

நர்ஸ் எங்களை வெளியே கூப்பிட்டாள்.

“எழுந்துட்டாங்கன்னு நினைச்சுடாதீங்க. இந்த மாத்திரை லேசுல விடாது. இப்பப் போட்ட ஊசி தீர்ந்ததும் மறுபடி சர்க்கரையை இறக்கும், நாளைக்கும் இறக்கும். டிரிப் போட்டுக்கிட்டே இருக்கணும். என்கிட்ட இருந்த ஊசி அந்த ஒண்ணுதான்.”

“ஆம்புலன்ஸ்?” என்றாள் மனைவி.

“கணவாய்க்கு அந்தப் பக்கம் நிக்குது. நடுவுல மண் சரிஞ்சு கிடக்கு. ஒரு வண்டி போற அளவுக்கு ஒதுக்கி, கேட் போட்டு, கொஞ்சம் கொஞ்சமா விடறாங்க. அதைத் தாண்டிட்டா இறக்கத்துல ஆஸ்பத்திரி. வெளிச்சம் இருக்கறப்பவே தாண்டிடுங்க. இந்தக் காய்ச்சல்காரனை விட்டுட்டு நான் வர முடியாது.”

ஒரு டப்பா குளுக்கோஸ் பொடியை என் கையில் திணித்தாள்.

“வாய்ல குடிக்கிறவரைக்கும் கரைச்சுக் குடுங்க. தூங்க விடாதீங்க. ஏதாவது கதை சொல்லிக்கிட்டே இருங்க, அவங்க உம் கொட்டணும். உம் நின்னுச்சுன்னா தண்ணியா எதையும் ஊத்தாதீங்க, புரை ஏறிடும். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, பொடியைக் குழைச்சு கன்னத்துக்கு உள்பக்கமா தேய்ங்க. அப்புறம் நிக்காம ஓட்டுங்க.”

காரில் உட்கார்ந்த என் மனைவியால் சாவியைச் சொருக முடியவில்லை. கை அப்படி ஆடியது.

“நான் ஓட்டட்டுமா?” என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே கை நின்றுவிட்டது. சாவி உள்ளே போனது. என் டிரைவிங்கால் ஒரு உயிருக்கு நன்மை நடந்தது அன்றைக்குத்தான்.

சாலை இன்னும் ஏறியது. மேகம் வண்டிக்குள்ளேயே வந்துவிடும்போல் இருந்தது. அத்தை என் மடியில் தலை வைத்திருந்தார்.

“கதை சொல்லுங்க மாப்ளே. அந்தப் பொண்ணு சொல்லிச்சே, நர்ஸு.”

“என்ன கதை அத்தை?”

“ஒளிச்சு வெச்சிருந்தீங்களே, அது. பேத்தி கதை.”

கண்ணாடியில் மனைவியின் கண்கள் ஒரு கணம் என்மேல் பட்டு, சாலைக்குத் திரும்பின. ஆரம்பித்தேன்.

“ஒரு நாள் எனக்கு போன் பண்ணினா அத்தை. சுரங்கத்துக்குள்ள ஆளை இறக்கற கூண்டு பாதியில நின்னுபோச்சாம். உள்ள இவளும் இன்னொருத்தனும். அப்பா, நீதானே மெக்கானிக், எப்படி இறங்கறதுன்னு சொல்லுன்னா.”

“உம்.”

“நான் ஒவ்வொண்ணாச் சொல்றேன். பின்னாடி யாரோ அழற சத்தம். யாரும்மான்னா, கூட இருக்கறவர்ப்பா, ரொம்பப் பயப்படறார்னா.”

“உம்.”

“வெளிய வந்தப்புறம் அந்தப் பையன் போனை வாங்கி, சார் ரொம்ப நன்றி, நான் அழுததை யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னான். எனக்கு அவனைப் பிடிச்சுப்போச்சு அத்தை. என் ஜாதகம் மாதிரியே இருந்தது.”

“உம்.” லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. ஒரு வாய் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தேன். குடித்தார்.

தூரத்தில் வண்டிகளின் வரிசையும், அதற்கு அப்பால் மலை தோலுரிந்து கிடப்பதும் தெரிந்தது. நான் நிறுத்தாமல் பேசினேன். அவன் பாறையை வெடி வைத்துப் பிளக்கும் வேலை பார்க்கிறவன் என்று சொன்னேன். உம். வெடிக்குப் பயப்படாதவன் கூண்டுக்குப் பயப்படுகிறான் என்றேன். கொஞ்சம் தாமதித்து, உம். நிறுத்தினால் ஏதோ ஆகிவிடும் என்ற பயத்தில், சொல்ல வேண்டாம் என்று மகள் கேட்டுக்கொண்ட விஷயமும் வாயிலிருந்து விழுந்துவிட்டது.

“அவனுக்கு ஏற்கனவே ஒரு குழந்தை இருக்கு அத்தை. அம்மா இல்லாத பொண்ணு. அது நம்ம பொண்ணை அம்மான்னுதான் கூப்பிடுதாம்.”

கார் சக்கரத்துக்கடியில் கல் நெரிபடும் சத்தம் மட்டும் கேட்டது.

“உம்,” என்று வந்தது.

எனக்கு மூச்சு வந்தது. அப்புறம்தான் அந்த உம் முன்சீட்டிலிருந்து வந்தது என்று உறைத்தது.

குனிந்து பார்த்தேன். அத்தையின் வாயோரத்தில் குளுக்கோஸ் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

“அத்தை. அத்தை, உம் கொட்டுங்க. அத்தை!”

கார் வரிசையின் கடைசியில் நின்றது.  அத்தையைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்தேன். டப்பா மூடி திறக்க மாட்டேன் என்றது. பல்லால் திறந்தேன். பாதிப் பொடி சீட்டில் கொட்டியது. மீதியை எச்சிலில் குழைத்து, விரலை அவர் கன்னத்துக்குள் விட்டுத் தேய்த்தேன். உள்ளே சில்லென்று இருந்தது. தேய்த்துக்கொண்டே இருந்தேன். என்னென்னவோ பேசினேன். ஒன்றும் நினைவில்லை.

முன்னால் கூச்சல். கேட்காரன் சிவப்புக் கொடியை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தான். “பின்னால எடுங்க! மறுபடி மண் இறங்குது, எல்லாரும் பின்னால எடுங்க!” லாரிகள் ஒவ்வொன்றாக முனகிக்கொண்டு பின்வாங்கின. மேலே எங்கோ ஒரு கல் உருண்டு, இன்னொன்றை எழுப்பியது.

மனைவி பின்வாங்கவில்லை. லாரிகளை ஒட்டி ஓரமாகவே நுழைந்து கேட்டுக்கு முன்னால் போய் நிறுத்தினாள். கண்ணாடியை இறக்கினாள். அவள் ஒன்றும் சொல்வதற்குள் கேட்காரன் உள்ளே எட்டிப் பார்த்தான். பார்த்துவிட்டு மலையைப் பார்த்தான். கொடியைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டான்.

“ஒரே ஒரு வண்டி. கல்லு விழுந்தாலும் நிக்காதீங்க. பின்னால பார்க்காதீங்க.”

கேட் மேலே எழுந்தது.

அப்போதுதான் என் விரலில் வலித்தது. முதலில் லேசாக. பிறகு சந்தேகமே இல்லாமல்.

“கடிக்கிறாங்க,” என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல் இருந்தது. “உங்கம்மா என்னைக் கடிக்கிறாங்க!”

“நல்லாக் கடிக்கிறாளா?”

“கொஞ்சம். விட்டு விட்டு.”

அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். முகமெல்லாம் நனைந்திருந்தது.

“விரலை எடுக்காதீங்க,” என்று சொல்லி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்தாள்.